ஆய்வகத்துப் பெண்களும் செய்தித்தாள் பெண்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் நெடுங்காலம் இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்களின் பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் அறிவியல் பேசச் சென்றுவருகிறேன். அறிவியல் துறையில் பணிபுரியும் பெண்களை நாளிதழ்களும் தொலைக்காட்சிகளும் எப்படிக் காட்டுகின்றன என்பதைப் பற்றி நான் பேசும் இடங்களில் மாணவியரும் பெற்றோரும் இளம் நிருபர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும், அவற்றுக்கு நான் அளித்துவரும் விடைகளையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

பெண் விஞ்ஞானிகளைப் பற்றி இப்போது நிறையச் செய்திகள் வருகின்றனவே, பிறகு என்ன குறை?

செய்திகள் நிறைய வருவது எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சி தருகிறது. முப்பது ஆண்டுகளுக்கு முன் என் மாணவியருக்குக் காட்ட மேரி கியூரியின் படத்தைத் தவிர என்னிடம் வேறு படம் இருந்ததில்லை. குறை எங்கே இருக்கிறது என்பதை முக்கூடலில் ஒரு தாய் எனக்குக் காட்டிக்கொடுத்தார்.

2023 செப்டம்பரில் ஆதித்யா எல்-1 விண்கலம் ஏவப்பட்ட மறுநாள், அந்தத் திட்டத்தின் இயக்குநர் செங்கோட்டையைச் சேர்ந்த நிகர் ஷாஜி என்பதை எல்லா நாளிதழ்களும் எழுதின. நான் போயிருந்த வீட்டில் பத்தாம் வகுப்பு படிக்கும் பெண், பீடித் தட்டை மடியில் வைத்து இலை சுருட்டிக்கொண்டிருந்த தன் தாய்க்கு அந்தச் செய்தியை உரக்கப் படித்துக் காட்டினாள். பிறந்த ஊர், தந்தையின் தொழில், படித்த பள்ளி, உறவினர்களின் மகிழ்ச்சி என்று ஒன்றுவிடாமல் படித்து முடித்ததும் தாய் கேட்டார்: “ஏட்டி, அந்தம்மா அங்க என்ன வேல பாக்காவளாம்?” மகள் செய்தியை மேலிருந்து கீழாக மறுபடியும் பார்த்தாள். 'திட்ட இயக்குநர்' என்ற இரண்டு சொற்களுக்கு மேல் அதில் விடை இல்லை. ஆள் யார் என்பதை அவ்வளவு அன்போடு சொன்ன செய்தி, அவர் செய்த வேலையைச் சொல்லாமல் விட்டுவிட்டது. இதில் உள்ள மற்ற எல்லா விடைகளுக்கும் அடிப்படை அந்தத் தாயின் கேள்விதான்.

அப்படியானால் அந்தச் செய்தியில் என்னதான் எழுதியிருக்க வேண்டும்? வாசகருக்குப் புரியுமா?

புரியும்படி எழுதுவதற்கு அந்தத் திட்டத்தில் நிறையவே இருந்தது. 2023 செப்டம்பர் 2 அன்று புறப்பட்ட ஆதித்யா, நான்கு மாதப் பயணத்துக்குப் பின் 2024 ஜனவரி 6 அன்று, பூமியிலிருந்து சுமார் 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் சூரியன் இருக்கும் திசையில் அமைந்த எல்-1 என்னும் இடத்தைச் சுற்றிவரும் பாதையை அடைந்தது. சூரியனின் ஈர்ப்பில் ஒரு பகுதியைப் பூமியின் ஈர்ப்பு ஈடுகட்டி, ஒரு கலத்தைப் பூமியோடு சேர்ந்தே சூரியனைச் சுற்றிவரச் செய்யும் இடம் அது. அங்கிருந்து பார்த்தால் பூமியோ நிலவோ குறுக்கே வந்து மறைப்பதில்லை. இரவு என்பதே கிடையாது. சூரியனை இடைவிடாமல் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

அந்தக் கலத்தில் 7 கருவிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று சூரியனின் வட்டத்தைத் தானே மறைத்து, முழு கிரகணத்தின்போது மட்டுமே நம் கண்ணுக்குத் தெரியும் ஒளிவளையத்தை எந்நாளும் படம் பிடிக்கிறது. பெங்களூரு, புணே, அகமதாபாத், திருவனந்தபுரம் எனப் பல ஊர்களின் ஆய்வகங்கள் இந்தக் கருவிகளை உருவாக்கின. ஒவ்வொரு கருவிக்கும் எவ்வளவு எடை, எவ்வளவு மின்சாரம், எந்தப் பக்கம் பார்வை, எந்த நாளுக்குள் முடிய வேண்டும் என்பவற்றையெல்லாம் ஒரே கலத்துக்குள் பொருந்தவைத்து, ஒன்றின் அதிர்வோ வெப்பமோ மற்றொன்றைக் கெடுக்காதபடி பார்த்துக்கொள்வது திட்ட இயக்குநரின் பொறுப்பு. பத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரே பந்தலில் திருமணம் நடத்தும்போது எல்லாருக்கும் பதில் சொல்லும் ஒருவர் இருப்பாரே, அவருடைய இடம் அது என்று நான் அந்தத் தாயிடம் சொன்னேன். “அப்பம் பெரிய வேலதான்” என்றார்.

நம் ஊர் நாளிதழ்கள் தவறவிட்ட இன்னொன்றும் உண்டு. திருநெல்வேலிக்கு அருகே கிருஷ்ணாபுரத்தில் இந்திய புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருக்கிறது. பூமியின் காந்த நடுக்கோடு இந்தப் பகுதியை ஒட்டிச் செல்வதால், ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் உயரத்தில் பகல் நேரத்தில் ஓடும் ஒரு பெரிய மின்னோட்டத்தை இங்கிருந்து நன்றாக ஆராயலாம். சூரியனில் புயல் எழுந்தால் அதை ஆதித்யா அங்கே பார்க்கும். அது பூமியின் காந்தப்புலத்தை எப்படிக் கலக்குகிறது என்பதைக் கிருஷ்ணாபுரத்துக் கருவிகள் இங்கே பதிவுசெய்யும். செங்கோட்டையில் பிறந்தவர் அனுப்பிய கலத்தையும், சிற்பத் தூண்களைப் பார்க்க நாம் போகும் அந்தக் கிருஷ்ணாபுரத்தின் காந்தமானியையும் ஒரே செய்தியில் இணைத்து எழுத வேறு எந்த மாவட்டத்து நிருபருக்கு வாய்க்கும்?

'விவசாயியின் மகள்', 'பீடி சுற்றும் தாயின் மகள்' என்று எழுதுவது நமக்குப் பெருமைதானே?

பெருமைதான். அதை நீக்கச் சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை. எங்கே வைப்பது, அதோடு நிறுத்திவிடலாமா என்பவைதாம் என் கேள்விகள். தலைப்பிலும் முதல் பத்தியிலும் வறுமையும் தியாகமும் மட்டுமே நின்றால், அறிவியல் என்பது துன்பப்பட்டவர்களுக்குக் கடைசியில் கிடைக்கும் பரிசு என்ற எண்ணம் படிக்கிற பெண்ணின் மனத்தில் பதிகிறது. கணக்கு பிடித்திருந்ததால், கருவிகள் மீது ஆர்வம் இருந்ததால் ஒரு பெண் இந்த வேலைக்குப் போயிருக்கலாம் என்பது அவளுக்குத் தெரியாமலே போய்விடுகிறது.

தனி ஒருத்தியின் விடாமுயற்சியாக மட்டுமே ஒரு வாழ்க்கையை எழுதும்போது, அந்த வாழ்க்கைக்குத் துணை நின்ற பொது ஏற்பாடுகளும் மறைந்துவிடுகின்றன. நிகர் ஷாஜி செங்கோட்டையின் அரசு பெண்கள் பள்ளியில் படித்தவர். பொறியியல் படித்தது திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில். அந்தக் கல்லூரி 1981-இல் தொடங்கப்பட்டது. அவர் இஸ்ரோவில் சேர்ந்தது 1987-இல். ஒரு கல்லூரி திறந்த சில ஆண்டுகளுக்குள் அதிலிருந்து இப்படியொருவர் வெளிவந்தார் என்பது அரசுக் கல்வியைப் பற்றிய பெரிய செய்தி. அதை விரித்து எழுதியவர்களை நான் பார்க்கவில்லை.

'பெண் விஞ்ஞானி' என்று எழுதலாமா, வெறும் 'விஞ்ஞானி' போதுமா?

தமிழில் எழுதுபவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. 'விஞ்ஞானி கண்டறிந்தார்', 'அவர் விளக்கினார்' என்னும்போது அந்த 'அர்' விகுதியில் ஆணும் அடக்கம், பெண்ணும் அடக்கம். மரியாதையே பாலை மறைத்துவிடுகிற மொழி நம்முடையது. நடிகை, ஆசிரியை, பேராசிரியை என்று தனிச்சொல் வைத்த துறைகளிலும் இப்போது ஆசிரியர், பேராசிரியர் என்பதே இருபாலருக்கும் பொதுவாகப் புழங்கிவருகிறது; நானும் என்னை ஆசிரியர் என்றே எழுதுகிறேன். 'விஞ்ஞானி' என்ற சொல்லுக்குத் தொடக்கத்திலிருந்தே பெண்பால் வடிவம் கிடையாது. ஆகவே 'பெண்' என்ற முன்சொல் இலக்கணத் தேவையால் வருவதில்லை. எழுதுபவர் நினைத்துச் சேர்ப்பதால்தான் வருகிறது.

பணியிடப் பாகுபாட்டைப் பற்றியோ, ஒரு துறையில் பெண்கள் எத்தனை பேர் என்பதைப் பற்றியோ எழுதும்போது அந்தச் சொல் கட்டாயம் வேண்டும். நானும் இந்தப் பக்கத்தில் பயன்படுத்தியிருக்கிறேன். ஒரு கண்டுபிடிப்பைப் பற்றி எழுதும்போது வேண்டியதில்லை. பெயரிலிருந்தும் படத்திலிருந்தும் வாசகர் தெரிந்துகொள்வார்.

இது நம் ஊரின் பழக்கம் மட்டுந்தானா?

இல்லை. 1964-இல் டோரத்தி ஹாட்ஜ்கின் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றார். பென்சிலினும் பி-12 வைட்டமினும் எந்த அணு அமைப்பில் உள்ளன என்பதை எக்ஸ் கதிர்களைக் கொண்டு கண்டறிந்தவர் அவர். இங்கிலாந்தின் நாளிதழ் ஒன்று அவரை 'ஆக்ஸ்ஃபோர்டு இல்லத்தரசி' என்று தலைப்பிட்டது. மற்றொன்று பரிசுத் தொகை மூன்று குழந்தைகளின் தாய்க்குக் கிடைத்ததாக எழுதியது.

அரை நூற்றாண்டு கழித்து, 2013 மார்ச்சில், இவோன் பிரில் என்ற பொறியாளர் காலமானபோது நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட இரங்கல் குறிப்பு, அவர் ஒரு மாட்டிறைச்சிக் குழம்பை அருமையாகச் சமைப்பார் என்றும், கணவரின் வேலை மாறிய ஊர்களுக்கெல்லாம் உடன் சென்றார் என்றும், குழந்தைகளை வளர்க்க எட்டு ஆண்டுகள் வேலையை விட்டிருந்தார் என்றும் தொடங்கியது. வாசகர்களின் கடும் எதிர்ப்புக்குப் பிறகு சமையலைப் பற்றிய வரி நீக்கப்பட்டது. செயற்கைக்கோள் தன் பாதையிலிருந்து விலகாமல் இருக்க உதவும், ஹைட்ரசீன் எரிபொருளில் இயங்கும் சிறிய உந்துபொறி அவருடைய கண்டுபிடிப்பு. உந்துவிசை என்றால் என்னவென்று நம் மாவட்டத்தாருக்கு விளக்க வேண்டியதில்லை. மகேந்திரகிரியில் இஸ்ரோவின் இயந்திரச் சோதனைகள் நடக்கும் நாட்களில் பணகுடி, காவல்கிணறு பக்கத்தார் பேச்சில் அதுவும் இருக்கும். அந்த மலையடிவாரத்தில் பணியாற்றும் ஒருவருக்கு பிரில் யாரென்று சொல்லச் சமையற்குறிப்பு உதவாது.

2014-இல் பட்டுச் சேலையும் பூவுமாகப் பெண்கள் மகிழ்ந்த மங்கள்யான் புகைப்படம் நல்லதுதானே செய்தது?

நிறைய நல்லது செய்தது. செப்டம்பர் 24 அன்று மங்கள்யான் செவ்வாயின் சுற்றுப்பாதையை அடைந்ததும் எடுக்கப்பட்ட அந்தப் படம் உலகெங்கும் சென்றது. விஞ்ஞானி என்றால் வெள்ளை மேலங்கி அணிந்த ஆண் என்ற படிமத்தை ஒரே நாளில் அசைத்தது. என் மாணவியர் பலர் அதைக் கத்தரித்துப் புத்தகத்துக்குள் வைத்திருந்தார்கள். தலையில் பூ வைத்துக்கொண்டு போகலாம் என்பது இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குச் சிறிய ஆறுதல் இல்லை.

ஆயினும் படத்தில் இருந்தவர்கள் நிர்வாகப் பணியாளர்கள் என்று இஸ்ரோ பின்னர் விளக்கியது. அந்தத் திட்டத்தில் உழைத்த பெண் விஞ்ஞானிகள் பலர் அப்போது கட்டுப்பாட்டு அறையில் இருந்தார்கள். இயக்கப் பணியின் துணைப் பொறுப்பில் இருந்த ரிது கரிதால், நந்தினி ஹரிநாத் போன்றோரின் பெயர்கள் பரவலாகத் தெரியவந்தது அதற்குப் பிறகுதான். படத்தில் இருந்தவர்களின் மகிழ்ச்சியும் உரிமையுள்ள மகிழ்ச்சியே. ஒரு நிறுவனம் விஞ்ஞானிகளால் மட்டும் இயங்குவதில்லை. எனினும் சேலையைப் பார்த்த கண்கள், 'இவர்கள் யார், என்ன செய்தார்கள்' என்று கேட்கவில்லை. முக்கூடல் தாய் கேட்டதை உலகத்துச் செய்தி அறைகள் கேட்காமல் விட்டுவிட்டன.

குடும்பத்தைப் பற்றி எழுதவே கூடாதா? படிக்கிறவர்களுக்கு அது தெரிய வேண்டாமா?

தெரிய வேண்டியது உண்டு. குழந்தை பிறந்த பின் ஆய்வைத் தொடர முடிந்ததா, நிறுவனம் காப்பக வசதி தந்ததா, இரவுப் பணிக்கு வண்டி இருந்ததா என்பவை வேலையைப் பற்றிய கேள்விகளே. அவற்றை ஆணிடமும் கேட்க வேண்டும்.

அமெரிக்க அறிவியல் எழுத்தாளர் ஆன் ஃபிங்க்பெய்னரின் பெயரால் 2013 முதல் ஒரு சோதனை வழங்கிவருகிறது. ஒரு விஞ்ஞானியைப் பற்றிய கட்டுரையில் அவர் பெண் என்பதையோ, கணவரின் வேலையையோ, குழந்தைகளை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதையோ, அவர் 'முதல் பெண்' என்பதையோ, மற்றப் பெண்களுக்கு முன்மாதிரி என்பதையோ சொல்லாமல் எழுத முடிகிறதா என்று பார்ப்பதே அது. எப்போதும் கடைப்பிடிக்க வேண்டிய சட்டமாக அதை நான் கொள்வதில்லை. எழுதிய பின் ஒருமுறை உரசிப் பார்க்கும் கல்லாகக் கொள்ளலாம்.

என்னிடம் படித்த ஒருவர் முனைவர் பட்டம் பெற்றபோது, ஒரு செய்தியாளர் அவரைப் பேட்டி கண்டார். உயிரணுக்களின் சவ்வைப் பற்றி ஐந்து ஆண்டு ஆராய்ந்தவரிடம், வீட்டில் சமையலை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதே மூன்றாவது கேள்வி. அவர் சிரித்தபடி விடை சொன்னார். அச்சில் வந்த தலைப்பும் அந்த விடையே. அந்தத் தாளை அவர் என்னிடம் காட்டியபோது முகத்தில் இருந்த வருத்தத்தை நான் மறக்கவில்லை. ஐந்து ஆண்டு உழைப்பில் ஒரு வரிகூட அதில் இல்லை.

'சாதனைப் பெண்', 'சிங்கப்பெண்' போன்ற அடைமொழிகள்?

தவிர்க்கலாம். எல்லாருக்கும் பொருந்தும் அடைமொழி யாரைப் பற்றியும் எதுவும் சொல்வதில்லை. ஏவுகணைத் திட்ட இயக்குநராக இருந்த டெஸ்ஸி தாமஸை 'அக்னி புத்திரி' என்று எழுதுபவர்களில், அக்னி-4 ஏவுகணையில் அவர் பொறுப்பு என்னவென்று எழுதுபவர் குறைவு.

இதெல்லாம் பிள்ளைகளின் மனத்தை உண்மையில் பாதிக்கிறதா?

டேவிட் சேம்பர்ஸ் என்ற ஆய்வாளர் 1966 முதல் 1977 வரை 4,807 குழந்தைகளிடம் ஒரு விஞ்ஞானியை வரையச் சொன்னார். அந்தப் படங்களில் பெண்ணாக வரையப்பட்டவை வெறும் 28. அந்த 28-ஐயும் வரைந்தவர்கள் சிறுமியரே. பிற்காலத்தில் இதே சோதனையைச் செய்தவர்களுக்குப் பெண் உருவங்கள் கூடுதலாகவே கிடைத்திருக்கின்றன. இந்தக் குழந்தைகள் விஞ்ஞானிகளை நேரில் சந்தித்தவர்கள் இல்லை. புத்தகங்களிலும் திரையிலும் பார்த்ததைத்தான் வரைந்தார்கள். பார்ப்பது மாறும்போது வரைவதும் மாறுகிறது.

எங்கள் ஊர்ப்பக்கம் எழுதுவதற்கு அப்படி என்ன இருக்கிறது?

ராதாபுரம், பணகுடிப் பக்கம் போகிறவர்கள் காற்றாலைகளைப் பார்க்காமல் போக முடியாது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வரும் காற்றில் அவை சுழல்கின்றன. இந்த நாட்டில் எங்கே, எந்த மாதத்தில், எவ்வளவு வேகத்தில் காற்று வீசுகிறது என்பதை முறையாக அளக்கப் பாடுபட்டவர் அன்னா மாணி. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம் பீர்மேட்டில் 1918-இல் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். சி. வி. இராமனின் ஆய்வகத்தில் வைரத்தின் ஒளியியலை ஆராய்ந்தார். முதுகலைப் பட்டம் இல்லை என்று கூறி சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு முனைவர் பட்டம் தரவில்லை. பின்னர் இந்திய வானிலைத் துறையில் மழை, காற்று, வெயில், ஓசோன் ஆகியவற்றை அளக்கும் கருவிகளை உள்நாட்டிலேயே உருவாக்கும் பணியை முன்னின்று நடத்தினார். ஓய்வுபெற்ற பிறகும் நாட்டின் காற்று, சூரிய ஆற்றல் தரவுகளைத் தொகுத்து நூல்களாக்கினார். காற்றாலை முதலீட்டைப் பற்றியும் நிலத்தின் விலையைப் பற்றியும் எத்தனையோ செய்திகள் நம்மிடையே வந்துவிட்டன. அவற்றில் ஒன்றிலாவது இந்தப் பெயரைப் பார்த்திருக்கிறீர்களா?

அம்பாசமுத்திரத்தில் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது; அம்பை 16 நெல்லை அறியாத விவசாயி இந்தப் பக்கம் இல்லை. வேளாண் செய்திகளுடன் நாம் பார்க்கும் படங்களில் பெண்கள் பெரும்பாலும் நாற்று நடுகிறார்கள். கோப்புடன் வரப்பில் நின்று பயிரின் நோயைக் கணிக்கும் பெண் இருந்தாலும், படம் எடுப்பவரின் கண் நடவுப் பெண்களிடமே போகிறது. களக்காடு முண்டந்துறைக் காட்டில் தவளைகளையும் பறவைகளையும் ஆராயவரும் இளம்பெண்களோ, 'காட்டுக்குள் பயமில்லாமல் போன பெண்' என்ற ஒரே வகைச் செய்தியில்தான் இடம்பெறுகிறார்கள். தவளையைப் பற்றி அதில் ஒன்றும் இருக்காது.

சிறிய ஊர் நிருபருக்கு ஒரு நாளில் நான்கு செய்திகள். அறிவியலைப் புரிந்து எழுத நேரம் ஏது?

இது நியாயமான சிரமம். முழு அறிவியலும் தேவையில்லை, இரண்டு வரிகள் போதும்: எதை அறிய முயன்றார், எதைக் கொண்டு அறிந்தார். அந்த இரண்டு வரிகளை விஞ்ஞானியிடமே சொல்லச் சொல்லிக் குறித்துக்கொள்ளலாம். ஆய்வில் இருப்பவர்கள் தம் வேலையைப் பற்றிப் பேச மகிழ்ச்சியோடு நேரம் ஒதுக்குவார்கள்.

நன்றாகச் செய்த காலம் எதுவும் இல்லையா?

இருக்கிறது, அதைச் சொல்லியே ஆக வேண்டும். கொரோனா காலத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் தலைமை விஞ்ஞானியாக இருந்த சௌமியா சுவாமிநாதனும், வேலூரில் நெடுங்காலம் பணியாற்றிய ககன்தீப் காங்கும் தொலைக்காட்சியில் தொடர்ந்து பேசினார்கள். தடுப்பூசி எப்படி வேலை செய்கிறது, இரண்டாம் தவணை ஏன் தேவை, உருமாறிய கிருமி என்றால் என்ன என்பவையே அவர்களிடம் கேட்கப்பட்ட கேள்விகள். ஊரே உயிருக்கு அஞ்சிய வேளையில், விடை தெரிந்தவர் யார் என்பது மட்டுமே எல்லாருக்கும் வேண்டியிருந்தது. பிப்ரவரி 11 (அறிவியலில் பெண்கள், சிறுமியர் நாள்), பிப்ரவரி 28 (தேசிய அறிவியல் நாள்), மார்ச் 8 (மகளிர் நாள்) ஆகிய நாட்களுக்கான சிறப்புப் பக்கங்களுக்கு வெளியே, ஆண்டு முழுவதும் பெண்களை வல்லுநர்களாக அழைக்க முடியும் என்பதற்கு அந்த இரண்டு ஆண்டுகள் சான்று.

எங்கள் பள்ளி ஆண்டு மலருக்காக ஒரு விஞ்ஞானியைப் பேட்டி காணப் போகிறோம். என்ன கேட்கலாம்?

போன ஆண்டு ஒன்பதாம் வகுப்பு மாணவியர் சிலர் இதையே கேட்டார்கள். அவர்கள் எழுதி வந்திருந்த முதல் கேள்வி, 'பெண்ணாக இருந்துகொண்டு எப்படிச் சாதித்தீர்கள்?' என்பது. அதை அடிக்கச் சொல்லவில்லை. கடைசிக்குக் கொண்டுபோகச் சொன்னேன். முதலில் கேட்க அவர்களே யோசித்து எழுதியவை இவை: நேற்றுக் காலை ஆய்வகத்துக்குள் நுழைந்ததும் என்ன செய்தீர்கள்? உங்கள் கருவி எதை அளக்கிறது? அளவு தவறாக வந்தால் எப்படித் தெரியும்? உங்கள் துறையில் இன்னும் விடை தெரியாத கேள்வி எது? எங்கள் பாடப்புத்தகத்தின் எந்தப் பாடத்தில் உங்கள் வேலை தொடங்குகிறது?

பேட்டி ஒன்றரை மணி நேரம் நீண்டதாம். கடைசிக் கேள்விக்கு நேரம் கிடைக்கவில்லை.